பிள்ளை வாயால் சொல்லட்டும்

மகளே,

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூர் ஹாலில் உன் சாச்சா மகள் சபீனாவின் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உன் வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. "உம்மா, இனிமே எந்தக் கல்யாண வீட்டுக்கும் நீ வராண்டாம். சொந்தக்காரங்க முன்னாடி தல நிமித்த முடியல" என்று சொல்லியிருந்தாய். அதற்குக் கீழே ஒரு மஞ்சள் முகத்தையும் போட்டிருந்தாய். நீ சொன்ன வார்த்தை எல்லாம் எனக்குப் புரிந்தது. அதைக் கோபத்தில் சொன்னாயா, அழுதுகொண்டே சொன்னாயா என்பதுதான் தெரியவில்லை. சரி, அந்த மஞ்சள் முகமாவது சொல்லட்டும் என்று உன் வாப்பாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "கண்ணுல தண்ணி வருது. பிள்ள அழுதா" என்றார். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளிடம் காட்டினேன். "இது அழுகை இல்லக்கா, சிரிச்சிச் சிரிச்சிக் கண்ணுல தண்ணி வருது" என்றாள். மூளை நன்றாக இருக்கிற இரண்டு பேருக்கு ஒரு வட்ட முகத்தில் ஒத்துப்போக முடியவில்லை, நோயாளி என்ற பெயர் மட்டும் எனக்கு.

அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ தாராவி முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் தமிழில் படித்தவள், இதைப் படிக்க உனக்கு முடியும். இது உனக்கு மட்டும் எழுதிய கடிதமும் இல்லை. படித்து முடித்ததும் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடு. தமிழ் வாசிக்க வராதவர்களுக்கு நீயே படித்துக் காட்டு. முக்கியமாக உன் சாச்சிக்கு, சபீனாவின் உம்மாவுக்கு, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. நான் கல்யாண வீட்டுக்கு வருவேன். கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வந்திருப்பதை எல்லாரும் மறதி நோய் என்கிறார்கள். நான் எதை மறந்தேன் என்று யாராவது சொல்லட்டும். தேவ்நாருக்கு எந்த பஸ் போகும் என்று தெரியும். உன் தலைப்பிரசவத்துக்கு எந்த நர்ஸ் கூட இருந்தாள் என்று தெரியும். கைமாவுக்கு எவ்வளவு மல்லித்தூள் போட வேண்டும் என்று தெரியும். போனது வேறு ஒன்று. அது போன நாளை நீ அறிவாய், ஆனால் என் வாயால் கேட்டதில்லை. பேச்சியம்மாளின் புருஷன் இறந்து மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது, வாய் திறந்திருந்தது, பல் தெரிந்தது. யாரோ பழைய கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.  எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் வாப்பா சொன்ன பிறகுதான் அவள் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அன்றைக்கு நான் செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் பேச்சியம்மாளின் வாசலில் போய் நின்று, "எனக்கு நேத்து நீ அழுதது தெரியல, சிரிக்கன்னு நெனச்சிட்டேன், மன்னிச்சிக்கோ" என்று சொன்னேன். அவள், "அக்கா, அப்ப இனிமே நான் அழுதா சொல்லிட்டே அழுறேன், போதுமா" என்றாள். இன்றுவரை சொல்லிவிட்டுத்தான் அழுகிறாள். "அக்கா, இப்ப அழப்போறேன்" என்பாள், நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அந்த வீட்டில் சிரித்த பாவத்துக்கு எனக்குக் கிடைத்த சிநேகிதம் இது.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஒரு கட்டு அட்டையை மேஜையில் வைத்தார். எல்லாம் முகங்கள். ஒவ்வொன்றாகக் காட்டி, இவருக்கு என்ன மனநிலை என்று கேட்டார். சிரிக்கிற முகத்தைச் சரியாகச் சொல்லிவிட்டேன். கண்ணை அகல விரித்து வாயைத் திறந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டியபோது, "யாரையோ கூப்பிடுதா" என்றேன். அவள் பயந்திருக்கிறாளாம். புருவத்தைச் சுருக்கியிருந்த ஆளைப் பார்த்து, "கண்ணாடி வீட்டுல வச்சிட்டு வந்துட்டார்" என்றேன். அவர் கோபத்தில் இருக்கிறாராம். உன் வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது பதற்றம் என்பதும் பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். இந்த நோயில் சில வகையில் பேர், ஊர், வழி எல்லாம் பின்னால்தான் போகுமாம். மற்றவர் முகத்தில் இருக்கும் துக்கமும் பயமும் கோபமும் முதலில் போகுமாம். மூக்கு தெரியும், கண் தெரியும், கண்ணீர்கூடத் தெரியும், ஆனால் அதெல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்பது வந்து சேராது. தெருவில் இருக்கிற மராத்தி போர்டை நான் பார்ப்பதுபோல. நாக்கும் கொஞ்சம் கட்டுப்பாட்டை விட்டுப் போகும் என்றார். அது எனக்கு நோய் வருவதற்கு முன்னாலேயே அப்படித்தான் என்று உன் வாப்பா சொன்னார்.

அன்றிலிருந்து அந்த மனிதர் எப்படி மாறிவிட்டார் என்று உனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் தோல் பட்டறையில் பை வெட்டி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த ஆள். மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. நான்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வேன். இப்போது கதவைத் திறந்து உள்ளே வரும்போதே, "இந்தா பாரு, எனக்குக் கோவம். சோறு ஆறிப்போச்சு" என்று அறிவிக்கிறார். போன வாரம் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, "ஏளா, எனக்குக் கவலையா இருக்கு" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஒன்ன நெனச்சித்தான்" என்றார். இதைக் கேட்பதற்கு எனக்கு இப்படி ஒரு நோய் வர வேண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன், ஏனென்றால் உனக்கு நான் சொல்ல வேண்டியது அதில்தான் இருக்கிறது. முப்பது வருஷம் மணப்பெண் ஜோடித்தேன். தாராவி, சீத்தா கேம்ப், தேவ்நார், கல்யாண் என்று எங்கே நம் ஆட்கள் வீட்டில் நிக்காஹ் என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். தலை பின்னுவது, பூ வைப்பது, ஜரிகை முக்காடு போடுவது மட்டும் வேலை இல்லை. பெண்ணின் வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, இன்னாருக்கு, மாப்பிள்ளை தரும் இன்ன மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்து தரச் சம்மதமா என்று கேட்கும்போது, அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருக்கிறவள் நான். எந்தப் பெண் வாயைத் திறந்திருக்கிறாள்? தலையைக் குனிந்துகொள்வாள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று வைத்துக்கொள்வார்கள். அந்த மௌனத்தில் இருப்பது வெட்கமா வேறு எதுவுமா என்று முகத்தைப் பார்த்து நான் சொல்வேன். "சம்மதம்தான், போங்க" என்று என் குரல் கேட்ட பிறகே ஆண்கள் திரும்பிப் போவார்கள். சட்டத்தில் எனக்கு அங்கே ஒரு இடமும் இல்லை. பழக்கத்தில் எனக்கு அப்படி ஒரு இடம் இருந்தது. "அவ மொகத்தப் பாத்தே சொல்லிருவா" என்று ஊரே பேசியது. எனக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமையும் அதே பழக்கத்தில்தான் என்னைச் சபீனாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஜோடித்தது வேறு ஒரு பார்லர் பெண். நான் பெரியம்மா என்ற உரிமையில் இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் உன் சாச்சாவும் சாட்சிகளும் வந்து கேட்டார்கள். சபீனா தலையைக் குனிந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுகியிருந்தது. கன்னம் நனைந்திருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. வியர்வையா கண்ணீரா, சந்தோஷத்தில் வந்ததா வேண்டாம் என்று வந்ததா, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எல்லாரும் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். "லாத்தா, சம்மதம்னு சொல்லுங்க, அவிய காத்து நிக்காவல்லா" என்றாள் உன் சாச்சி. நான், "எனக்குத் தெரியல. பிள்ள வாயால சொல்லட்டும்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ வாசல் பக்கம் நின்று பார்த்தாய். ஆனால் நீ கேட்டதும் நான் கேட்டதும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். சாச்சி என் தொடையில் கிள்ளிவிட்டு, "பிள்ளைக்கு வெக்கம் லாத்தா" என்றாள். அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வெக்கம்னு ஒனக்கு எப்படித் தெரியும்? கேட்டியா?" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமே என்று ஒருத்தி சொன்னாள். கையைப் பிடித்து எழுத வைத்த கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன் என்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல், "இன்கா திமாக் டீக் நஹி ஹை" என்றது. நான் திரும்பி, "ஆமா, மூள சரியில்ல. அதனாலதான் கேக்கேன். மூள சரியா இருக்கவுக யாராவது கேட்டியளா?" என்றேன்.  நீ அப்போதுதான் தலையில் கை வைத்தாய் என்று உன் வாப்பா சொன்னார்.

நான் சபீனாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "எம்மா, எனக்கு ஒன் மொகத்த வாசிக்கத் தெரியல. சம்மதம்னா சம்மதம்னு சொல்லு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. யாரு என்ன சொன்னாலும் நான் கூட நிக்கேன்" என்றேன்.  அவள் சொன்னாள்: "சம்மதந்தான் பெரியம்மா. ஆனா ரொம்பப் பயமா இருக்கு." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன பயம் என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டில் யாரிடமும் அவள் இதுவரை பேசியதில்லையாம். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் கூடப் பிறந்த லாத்தா எழுந்து வந்து, "எங்கிட்ட பேசு" என்று அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். திரைக்கு வெளியே, நிக்காஹ் நடத்த வந்த ஹஜரத், "பிள்ளை குரல் கேட்டது, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டது நம் ஆட்கள்தான்.

"அவ சம்மதம்னுதானே சொன்னா, தேவையில்லாம என்னத்துக்கு இந்தக் கூத்து" என்று நீ வாய்ஸ் மெசேஜில் கேட்டாய். மகளே, அவள் சம்மதம் என்று சொன்ன பிறகுதான் அது சம்மதம் என்று உனக்கே தெரியும். அவள் பயந்துபோயிருந்தது அந்த அறையில் இருந்த நாற்பது பெண்களுக்கும் தெரியவில்லை. பெற்ற தாய்க்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள். தெரியாமல் இருப்பது நோய் என்றால் மாத்திரை தருகிறார்கள். தெரிந்தும் பேசாமல் இருப்பதற்கு யாரிடம் போய் மாத்திரை வாங்குவது? இதை நான் அவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. என்னைச் சொல்கிறேன்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், தாராவி வீட்டு மாடி அறையில் உன்னை நான்தான் ஜோடித்தேன். மாட்டுங்கா காலேஜில் உனக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. முடித்துவிட்டுக் கல்யாணம் என்று நீ இரண்டு தடவை சொன்னாய். மாப்பிள்ளையின் வாப்பா ஹஜ்ஜுக்குப் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். நானும் உன் வாப்பாவும் தலையை ஆட்டினோம். அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் உன் வாப்பா வந்து கேட்டார். எல்லாப் பெண்களும் தலையைக் குனிவார்கள். நீ குனியவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். அப்போது எனக்கு எந்த நோயும் இல்லை. என் கண் நன்றாக இருந்தது, மூளை நன்றாக இருந்தது. உன் முகத்தில் இருந்தது வெட்கம் இல்லை. 'உம்மா, நிறுத்து' என்று இருந்தது. தெருவில் போகிற குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். கீழே பிரியாணி தம் உடைத்துவிட்டார்கள், கல்யாண் ஊரிலிருந்து மூன்று பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். நான் கையை நீட்டி உன் முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டேன். "பிள்ளைக்கு வெக்கம். சம்மதம்தான், போங்க" என்று சொன்னேன். உன் வாப்பா என் குரலை நம்பிக் கீழே இறங்கிப் போனார்.

முப்பது வருஷத்தில் நான் முகத்தைத் தப்பாகப் படித்ததே இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். தப்பாகப் படிக்கவில்லை. சரியாகப் படித்துவிட்டுப் பொய் சொன்னேன், அதுவும் என் சொந்த மகளின் விஷயத்தில். உன் மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அதை நான் மறுக்கவில்லை. என் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அதனால் என் பொய் உண்மையாகிவிடாது. நீ அந்த ஒரு வருஷத்தைப் படிக்கவே இல்லை. அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணிலிருந்து நீ வரும்போதெல்லாம் வாசலிலேயே உன் முகத்தைப் பார்ப்பேன். கோபம் இருந்தால் உனக்குப் பிடித்த மீன் ஆணம் வைத்துச் சோறு போடுவேன். இல்லாவிட்டால் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவேன். பதினாலு வருஷம் இப்படித் திருட்டுத்தனமாக உன்னைப் படித்தே காலத்தை ஓட்டினேன். வாயைத் திறந்து கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. நீ வாசலில் வந்து நிற்கிறாய், என் மகள் என்று தெரிகிறது, ரயிலில் வந்த களைப்பா பழைய வருத்தமா என்று தெரியவில்லை. என்ன மீன் வாங்குவது என்றுகூடத் தெரியவில்லை. "என்னம்மா" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாய். மகளே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் இனி என் வீட்டுக்குள் கொண்டுவராதே. முன்பெல்லாம் நீ ஒண்ணுமில்ல என்றால் முகத்தில் மிச்சத்தைப் படித்துக்கொள்வேன். இப்போது ஒண்ணுமில்ல என்றால் எனக்கு நிஜமாகவே ஒன்றுமில்லை. என் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைக்காதே. திட்ட வேண்டும் என்றால் திட்டு, நான் திட்டுகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுத் திட்டு. உன் மகளையும் அப்படி வளர்த்துவிடு. பதினோரு வயதிலேயே அவளும் உன்னைப்போலப் பேசாமல் இருக்கிறாள், நல்ல பிள்ளை என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பயமாக இருக்கிறது. அவளுக்கு ஒரு நாள் திரை கட்டி உட்கார வைக்கும்போது நான் இருந்தால் நான் கேட்பேன். நான் இல்லாவிட்டால் நீ கேள். யார் கிள்ளினாலும் கேள்.

டாக்டரம்மா இன்னும் போகும் என்கிறார். பேர் போகுமாம், உறவு போகுமாம். போனால் போகட்டும், நான் ஒன்றும் மூலையில் போய் உட்காரப் போவதில்லை. உன்னையே யார் என்று கேட்கிற நாள் வரலாம். அன்றைக்கு, 'என்னைத் தெரியலையா' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்காதே, அதுவும் எனக்குப் புரியாது. "நான் ஒன் மக" என்று சொல்லு. நீ சொன்னால் நம்புவேன். உன்னைப் பார்த்துக் கண்டுபிடித்ததைவிட உன் பேச்சை நம்பியிருக்க வேண்டியவள்தானே நான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து உன் வாப்பா பட்டறைப் பக்கம் போய்விடுவார், வீட்டில் நான் மட்டும் இருப்பேன். வா. உன் கல்யாணத்தன்று உன்னைக் கேட்க வேண்டியதை வெள்ளிக்கிழமை கேட்கிறேன். அந்தக் கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதம் இருந்ததா, இல்லையா? என் மேல் உனக்குக் கோபமா, இல்லையா? நிக்காஹ்வில் கேட்பதுபோல மூன்று தடவை கேட்பேன். நீ பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ள மாட்டேன், மன்னிப்பு என்றும் எடுத்துக்கொள்ள மாட்டேன், நீ பேசும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். தலையை நிமிர்த்தியே சொல்லு. இந்தத் தடவை முக்காட்டை இழுத்துவிட மாட்டேன்.

உன் உம்மா